நாதத்தைக் காத்த தட்டுகள்

கார்த்திகை மாதத்தை மலையாள நாட்டார் விருச்சிகம் என்பர். அம்மாதம் பிறந்துவிட்டால், கொச்சி நகரை ஒட்டிய திருப்பூணித்துறை ஊர் முழுவதும் ஒரு பெரிய இசைக்கூடமாக மாறிவிடுகிறது. பூர்ணத்ரயீசர் கோயிலில் எட்டு நாள் உற்சவம். யானைகள் அணிவகுத்து நிற்க, செண்டையும் கொம்பும் குழலும் இலைத்தாளமும் முழங்கும் சீவேலி. மாலையில் சங்கீதக் கச்சேரி. இரவில் விடிய விடியக் கதகளி. எட்டாம் நாள் கொடி இறங்கியதும் பந்தல் பிரிக்கப்படுகிறது. கேட்டவர் நெஞ்சில் எஞ்சியிருப்பது போக, அத்தனை நாதமும் காற்றோடு கலந்துவிடுகிறது.

கலைகளுள் சிற்பம் கல்லில் நிற்கும். காவியம் ஏட்டில் நிற்கும். இசை ஒன்றுதான் பிறந்த கணமே மறைவது. அதை மறையாமல் நிறுத்த மனிதர் கண்ட வழிகளின் வரலாறு ஏறக்குறைய 150 ஆண்டு வரலாறு. அதன் ஒரு முனை 1877-ஆம் ஆண்டில் தாமஸ் எடிசன் அமைத்த ஒலியெழுதும் கருவி. மறுமுனையோ நம் வீட்டு அலமாரிக்கே வந்துவிட்டது: தந்தையார் சேர்த்து வைத்த ஒலிநாடாக்களை மகன் கணினியில் ஏற்றி டி.வி.டி. தட்டுகளில் பதிந்து வைக்கும் வேலை. பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழருக்கு இவ்வேலை பொழுதுபோக்கு அன்று. ஊர்க் கோயிலின் நாகசுரத்தையும் பாட்டியின் தாலாட்டையும் தங்கள் குழந்தைகளுக்குக் கேட்பிக்க அவர்களிடம் உள்ள சாதனம் பெரும்பாலும் அந்த நாடாக்களே. ஆகவே, அவற்றைக் காக்கும் முறை எவ்வாறு வளர்ந்தது, எங்கே தவறிற்று என்று திருப்பூணித்துறையை நடுவாக வைத்துச் சிறிது ஆராய்வோம்.

திருப்பூணித்துறை கொச்சி அரச மரபினரின் இருப்பிடம். 1865-இல் எழுந்த மலை அரண்மனை இன்று பெரிய அருங்காட்சியகமாக விளங்குகிறது. களிக்கோட்டை அரண்மனையில் இன்றும் கதகளியும் கச்சேரியும் நடைபெறுகின்றன. கொச்சி மன்னராக இருந்த ராஜரிஷி ராமவர்மர், ஷொறணூரிலிருந்து எறணாகுளத்துக்கு இருப்புப்பாதை அமைக்கப் பொருள் போதாமல், பூர்ணத்ரயீசர் கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்றார் என்பது ஊரறிந்த செய்தி. அப்பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது 1902-இல். பாலக்காட்டிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வித்துவான்கள் கொச்சிச் சீமைக்கு வந்து செல்வது அதன்பின் எளிதாயிற்று.

அதே 1902-ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தாவில் மற்றொரு செயல் நிகழ்ந்தது. பிரெட் கெய்ஸ்பர்க் என்பவர் கிராமபோன் கம்பெனியின் சார்பில் ஒலிப்பதிவுக் கருவியுடன் இந்தியாவுக்கு வந்து, கௌஹர் ஜான் முதலிய பாடகியரின் பாட்டைப் பதிவு செய்தார். அந்தப் பழைய இசைத்தட்டுகளைக் கேட்போருக்கு ஒரு புதுமை தோன்றும். பாட்டு முடிந்ததும் பாடகி தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுகிறார்! இது தற்பெருமை அன்று. மெழுகில் எடுத்த மூலப்பதிவு கப்பலேறி ஜெர்மனியில் ஹானோவர் நகருக்குச் சென்றது. அங்குதான் தட்டு வார்த்தார்கள். அங்குள்ள தொழிலாளிக்கு இன்ன தட்டு இன்னாருடையது என்று தெரிந்தால்தானே பெயர்ச்சீட்டை ஒட்ட முடியும்? ஒலியோடு பெயரும் சேர்ந்தே பயணம் செய்ய வேண்டும் என்ற பாடத்தை அந்நாளில் வணிகத் தேவை கற்பித்தது. இப்பாடத்துக்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

1908-இல் கல்கத்தாவின் சியால்தாவில் இசைத்தட்டுத் தொழிற்சாலை ஏற்பட்டபின் தட்டுகள் நாடெங்கும் பரவின. தென்னாட்டுப் பாடகியருள் அந்நாளில் தட்டுகளால் புகழ்பெற்றவர் கோயம்புத்தூர் தாயி. 1911–12-இல் இந்தியாவுக்கு வந்த மோரீஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் அவருடைய இசையில் மனம் பறிகொடுத்தார். தாயியின் தட்டொன்றைத் தழுவி ‘ராகமாலிகா’ என்னும் பெயரில் பியானோவுக்கு ஓர் இசையுரு இயற்றினார். தென்னாட்டுப் பெண்மணி ஒருவரின் குரல், கடல் கடந்து பாரிஸ் நகரத்துப் பியானோவில் எதிரொலித்தது தட்டு செய்த அற்புதமே.

தட்டு செய்த உபகாரத்துக்கு மற்றொரு சான்று எஸ். ஜி. கிட்டப்பா. 1906-இல் பிறந்த அவர் 1933-இல், இருபத்தேழாம் வயதில் மறைந்தார். அவரை மேடையில் நேரில் கேட்டவர் இன்று எவரும் இலர். ஆயினும் அந்த உச்சஸ்தாயிக் குரல் எப்படி இருந்தது என்று இன்று பள்ளிப் பிள்ளையும் அறியலாம். சில இசைத்தட்டுகள் அன்று வார்க்கப்பட்டிராவிடில், ‘கிட்டப்பா’ என்பது நமக்கு வெறும் பெயராகவே நின்றிருக்கும்.

ஆனால் அந்தத் தட்டுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம், மிஞ்சினால் சற்றுக் கூடுதல், அவ்வளவே கொள்ளும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கோயில் வீதியில் மணிக்கணக்காக விரித்து வாசித்த தோடி இராகம், தட்டில் சில நிமிடங்களில் முடிந்தாக வேண்டும். திருப்பூணித்துறைச் சீவேலியில் முழங்கும் பஞ்சாரி மேளத்தின் கதியோ இன்னும் கடினம். 96 அட்சரக் காலத்தில் மிக மெதுவாகத் தொடங்கி, 48, 24, 12, 6 எனப் படிப்படியாகப் பாதி பாதியாகச் சுருங்கி உச்சத்தை எட்டுவது அதன் அமைப்பு. ஐந்து காலங்களும் நிறைவுற இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். மூன்று நிமிடத் தட்டில் அதைப் பிடிப்பது, கோபுரத்தின் ஒரு செங்கல்லைக் காட்டி, கோபுரம் இதுதான் என்பது போலாகும். வணிகர் எதைத் தட்டில் அடக்க முடியுமோ அதை மட்டும் பதிந்தனர். அடங்காதவை பதியப்படாமலே போயின.

நீண்ட இசைக்கு இடம் தந்தது வானொலி. 1924-இல் சென்னையில் வானொலிக் கழகம் ஒன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-இலும், திருச்சி நிலையம் 1939-இலும் தோன்றின. திருவிதாங்கூர் அரசு 1943-இல் திருவனந்தபுரத்தில் நிறுவிய நிலையம் 1950-இல் அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. திருச்சூரில் 1956-இல் நிலையம் ஏற்பட்டது. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் என்று முழுக் கச்சேரிகள் வீடு தேடி வந்தன. எனினும் தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலான கச்சேரிகள் நேரே ஒலிபரப்பாகி, காற்றோடு சென்றன. 1930-களில் ஜெர்மனியில் உருவான காந்த ஒலிநாடா, உலகப் போருக்குப் பின் எங்கும் பரவிய பிறகே, நீண்ட கச்சேரியை அப்படியே நிறுத்தி வைக்கும் வசதி கைவந்தது. 1974-இல் மறைந்த செம்பை வைத்தியநாத பாகவதரின் கம்பீரமான குரலை இன்று நாம் முழுக் கச்சேரிகளாகக் கேட்க முடிவது இந்த ஒலிநாடாவினால்தான்.

நாடா முதலில் நிலையங்களிலும் செல்வர் வீடுகளிலும் மட்டுமே இருந்தது. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் கைக்கடக்கமான கேசட்டை வெளியிட்டது. 1970-களில் கேரளத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றவர்கள், ஊர் திரும்புகையில் வானொலியும் கேசட் கருவியும் ஒன்றாய் அமைந்த ‘டூ-இன்-ஒன்’ பெட்டிகளைக் கொண்டுவந்தனர். இசை வரலாற்றில் இது ஒரு பெரும் திருப்பம். அதுவரை எதைப் பதிய வேண்டும் என்று முடிவு செய்தவர் கம்பெனியாரும் நிலையத்தாரும். இனி அம்முடிவு ரசிகரின் கைக்கு வந்தது. கோயில் பந்தலின் ஓரத்தில் அமர்ந்து கச்சேரியைப் பதிந்தவரும், வானொலிக் கச்சேரியை இரவு விழித்துப் பதிந்தவரும், வீட்டுக் கல்யாணத்து நலங்குப் பாட்டைப் பதிந்தவரும் பெருகினர். எந்தக் கம்பெனியும் விலைக்கு வாங்கியிராத இசை, வீட்டு அலமாரிகளில் சேர்ந்தது. திருப்பூணித்துறையில் இசைக்கல்வி பெற்றுப் பின்னர் நாடறிந்த பாடகர்களானவர்கள் உளர், கே. ஜே. யேசுதாஸ் அவ்வூர் ராதா லட்சுமி விலாசம் கல்லூரியில் பயின்றவரே. அவர்களைப் போல் பெயர்பெறாத நூற்றுக்கணக்கானவரின் நல்ல சங்கீதம் இத்தகைய வீட்டு நாடாக்களில் மட்டுமே வாழ்கிறது.

இந்த நாடாக்களுக்கு ஆயுள் குறைவு. கொச்சி போன்ற கடற்கரை ஊரில் மழைக்காலத்து ஈரம் நாடாவில் வெள்ளைப் பூஞ்சையைப் படர்த்துகிறது. நாடாவின் மேல் ஒட்டிய காந்தப் பூச்சு காலப்போக்கில் பிசுபிசுத்து உதிர்கிறது. ஆண்டுக்கணக்கில் ஓடாமல் சுருண்டு கிடந்தால், ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் மெல்லப் படிந்து, பாடகர் வாய் திறக்குமுன்பே அவர் குரலின் நிழல் கேட்கிறது. அதனால்தான், 1996-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டி.வி.டி. தட்டு, சில ஆண்டுகளில் வீட்டிலேயே பதியக்கூடியதாக மலிந்தபோது, இசையன்பர்கள் அதை ஆவலுடன் வரவேற்றனர்.

அத்தட்டின் கொள்ளளவைக் கணக்கிட்டால் அந்த ஆவலின் காரணம் விளங்கும். சாதாரண டி.வி.டி. தட்டில் 470 கோடி பைட் அடங்கும். 1982-இல் வந்த ஆடியோ சி.டி.யின் தரத்தில் ஒரு விநாடி இசைக்கு 1,76,400 பைட் வேண்டும். ஆகவே ஒரு டி.வி.டி.யில் ஏறத்தாழ 7 மணி 24 நிமிட இசை, எதையும் கழிக்காமல் அடங்கும். பழைய 78 சுற்றுத் தட்டுகளாயின் இது எழுபதுக்கு மேற்பட்ட தட்டுகள்! காப்பகத்தார் குறைந்த அளவாகப் பரிந்துரைக்கும் உயர்ந்த தரத்தில், அதாவது விநாடிக்கு 48,000 மாதிரியும் ஒவ்வொன்றுக்கும் 24 பிட்டும் என்ற அளவில் பதிந்தாலும், நாலரை மணி நேரம் அடங்கும். பழைய நாளின் நான்கு மணிக் கச்சேரி ஒன்று, மங்களம் வரை, ஒரே தட்டில்! பஞ்சாரி மேளத்தின் ஐந்து காலங்களும் துண்டாடப்படாமல் ஒரே தட்டில்! மூன்று நிமிடச் சிறையிலிருந்து நம் இசைக்குக் கிடைத்த விடுதலை இது.

எம்.பி.3 என்னும் சுருக்கு முறையைக் கையாண்டால் அதே தட்டில் எண்பது மணி நேரத்தையும் திணிக்கலாம். ஆனால் அம்முறை, செவிக்கு எட்டாது என்று தான் கருதும் ஒலிகளைக் கழித்துவிட்டுச் சுருக்குகிறது. கழிந்தது கழிந்ததே, பின்னர் எவ்வளவு முயன்றாலும் மீளாது. பயணத்தில் கேட்பதற்கு அது போதும். காப்பதற்கு உரியது சுருக்காத பதிவு.

வீட்டில் இவ்வேலையைச் செய்வோர் சில முறைகளைக் கையாள்வது நலம். பல்லாண்டு கிடந்த கேசட்டை உடனே ஓட்டலாகாது. பூஞ்சை இருந்தால் தேர்ந்தவரிடம் கொடுத்துத் துடைத்தபின் ஓட்ட வேண்டும்; இல்லையேல் ஒரு நாடாவின் நோய் கருவி வழியே எல்லா நாடாக்களுக்கும் தொற்றும். நல்ல நாடாவையும் முதலில் ஒருமுறை முன்னும் பின்னுமாகச் சுற்றித் தளர்த்த வேண்டும். கருவியின் காந்தத் தலையைச் சுத்தம் செய்ய வேண்டும். அத்தலை நாடாவுக்குச் செங்குத்தாக நில்லாமல் இம்மியளவு சாய்ந்திருந்தாலும், வயலினின் கூர்மையும் தம்புராவின் மினுக்கமும் மங்கிவிடும். திருகாணியைச் சிறிதே திருப்பி, ஒலி மிகத் தெளிவாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஒலியின் அளவு உச்சத்தைத் தொட்டு உடையாதபடி சற்றுத் தாழ்த்திப் பதிய வேண்டும். இரைச்சலைப் போக்குகிறேன் என்று மூலப்பதிவில் கைவைத்தல் தகாது. இரைச்சலோடு கூடிய மூலத்தை ஒரு தட்டில் அப்படியே வைத்து, திருத்திய படியை வேறாக வைப்பதே முறை. இன்றைய திருத்தம் நாளை பிழையாகத் தோன்றலாம். மூலம் இருந்தால் மீண்டும் தொடங்கலாம்.

இத்தனையும் செய்தபின், வேலை முடிந்தது என்று பெருமூச்சு விடுவோர் பலர். இங்கேதான் வரலாறு நம்மை எச்சரிக்கிறது. வீட்டில் பதியும் டி.வி.டி., இரண்டு பிளாஸ்டிக் வில்லைகளுக்கு நடுவே பூசிய சாயத்தில் எழுதப்படுவது. வெயிலும் வெப்பமும் ஈரமும் அச்சாயத்தைக் குலைக்கும். சில தட்டுகள் பல பத்தாண்டு நிற்கின்றன. சில தட்டுகள் சில ஆண்டுகளிலேயே ஊமையாகிவிடுகின்றன. நாடா பழுதானால் கரகரப்பு முன்கூட்டியே அறிவிக்கும். தட்டோ ஒருநாள் வரை செம்மையாகப் பாடி, மறுநாள் வாய் திறவாது. மேலும், இன்று விற்பனையாகும் மடிக்கணினிகளுள் பெரும்பாலானவற்றில் டி.வி.டி. செருகும் வாயே இல்லை. கிராமபோன் மறைந்தது போலவும், கேசட் கருவி மறைந்தது போலவும் இக்கருவியும் அருகிவருகிறது. ஆகவே இருபது ஆண்டுகளுக்கு முன் பதிந்த தட்டுகளை வைத்திருப்போர், அவற்றை இன்றே எடுத்து, வன்தட்டு முதலிய வேறு சாதனங்களுக்கு மாற்றிப் படியெடுக்க வேண்டும். ஒரு படி தன் வீட்டில், ஒரு படி வேறொரு சாதனத்தில், மற்றொன்று வேற்றூரில் உள்ள உறவினர் வீட்டில் என மூன்று படிகள் இருத்தல் நன்று. எந்தத் தட்டும் நிலையானதன்று. தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றும் கைகளே நிலையானவை.

அந்தக் கைகளுக்கும் ஒலி மட்டும் போதுமா என்ற கேள்விக்கு, திருப்பூணித்துறைக்கு அருகிலேயே விடை இருக்கிறது. கொங்கணியரும் குஜராத்தியரும் தமிழரும் கலந்து வாழும் மட்டாஞ்சேரியில், 1568-இல் எழுந்த யூதர் தேவாலயம் ஒன்று உண்டு. கொச்சி நாட்டு யூதப் பெண்கள் தங்கள் திருமணங்களிலும் பண்டிகைகளிலும் மலையாளத்தில் பாடல்கள் பாடி வந்தனர். அவற்றைத் தம் கையாலேயே நோட்டுப் புத்தகங்களில் எழுதி, தாயிடமிருந்து மகளுக்கு அளித்து வந்தனர். 1950-களில் அச்சமூகத்தாரில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். நோட்டுப் புத்தகங்களும் பெட்டியில் உடன் சென்றன. அங்கே பிறந்த குழந்தைகளோ எபிரேயம் பேசி வளர்ந்தனர், மலையாளம் மறைந்தது.

நோட்டில் சொல் இருந்தது, மெட்டு இல்லை. மெட்டோ மூத்த பெண்களின் தொண்டையில் மட்டும் இருந்தது. 1970-கள் தொட்டு பார்பரா ஜான்சன் முதலிய ஆய்வாளர்கள் நோட்டுகளைத் திரட்டியும், மூதாட்டியரைப் பாடச் செய்து நாடாவில் பதிந்தும் வந்தனர். மலையாள அறிஞர் ஸ்கறியா ஸக்கறியா அப்பாடல்களின் மொழியை ஆராய்ந்தார். 2004-இல் எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்து யூத இசை ஆய்வு மையம், ‘ஓ அழகிய கிளியே’ எனப் பொருள்படும் தலைப்பில் அவற்றைக் குறுந்தகடாக வெளியிட்டது. நோட்டு மட்டும் இருந்திருந்தால் பாட்டு ஊமை. நாடா மட்டும் இருந்திருந்தால் பேரப்பிள்ளைகளுக்குப் பொருள் விளங்காத வெற்றோசை. இரண்டும் கூடியதால்தான் பாட்டு பிழைத்தது. குடிபெயர்ந்த மக்கள் எவர்க்கும் இது பொருந்தும் பாடமன்றோ?

இன்னொரு சான்றும் உண்டு. ஆர்னால்ட் பேக்கே என்ற டச்சு அறிஞர் 1938-இல் தென்னாடு முழுதும் சுற்றி இசையைப் பதிந்தார், படமும் எடுத்தார். 1984-இல் நசீர் ஜைராஸ்போய், ஏமி கேட்லின் என்னும் இருவர் அப்பதிவுகளைத் தூக்கிக்கொண்டு அதே ஊர்களுக்கு மீண்டும் சென்று, பாடியவர்களையும் அவர்தம் வழியினரையும் தேடி அவற்றைக் கேட்கச் செய்தனர். நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அது கைகூடியது எதனால்? ஒலியோடு, எங்கே, யாரிடம், எப்போது பதியப்பட்டது என்ற குறிப்பும் எஞ்சியிருந்ததனால்.

நம் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்போம். எத்தனை கேசட்டுகளில் ‘கச்சேரி 2’ என்று மட்டும் எழுதியிருக்கிறது! பதிந்த தந்தையாருக்கு அது யாருடைய கச்சேரி, பக்கவாத்தியம் யார், எந்தக் கோயில், எந்த வருஷம் என்று தெரியும். அவர் காலத்துக்குப்பின் அக்குரலுக்குப் பெயர் சொல்ல எவரும் இரார். பெயரற்ற குரலைப் பிள்ளைகள் எவ்வளவு நாள் வைத்துக் காப்பார்கள்? பழைய இசைச் சேமிப்புகள் பூஞ்சையால் அழிந்ததைவிடப் பெயரின்மையால் குப்பைக்குப் போனதே மிகுதி எனத் தோன்றுகிறது.

எனவே தட்டில் பதியுமுன் செய்யத்தக்கது ஒன்று உண்டு. வீட்டுப் பெரியவரை அருகில் அமர்த்தி, நாடாவை ஓட்டிக் காட்டி, அவர் சொல்வதைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதுக: பாடியவர், பக்கவாத்தியம், ஊர், நாள், பாட்டு, பதிந்தவர். அதன் ஒரு படியைத் தட்டிலேயே ஓர் எழுத்துக் கோப்பாகச் சேர்க்க. இன்னும் சிறந்தது, அப்பெரியவரின் குரலிலேயே அவ்விவரங்களைப் பதிந்து, கச்சேரிக்கு முன்னால் தனி ஒலியாக வைத்துவிடுதல். 1902-இல் கல்கத்தாப் பாடகி தம் பெயரைத் தட்டிலேயே சொல்லி வைத்தது போன்றதுதான் இதுவும். நூறாண்டு கடந்தும் அவர் யார் என்று எவரும் ஐயுறவில்லை.

சட்டத்தையும் ஒரு சொல்லால் நினைவூட்டுவது கடமை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒலிப்பதிவுக்கு உரிமைக்காலம் அறுபது ஆண்டு. தன் வீட்டில் கேட்பதற்காகப் படியெடுப்பது வேறு. அதை விலைக்கு விற்பது வேறு. கலைஞனின் உழைப்பைக் காப்பதாகத் தொடங்கிய செயல், அவன் உரிமையைப் பறிப்பதாக முடிதல் கூடாது.

அடுத்த விருச்சிகத்திலும் திருப்பூணித்துறையில் மேளம் முழங்கும், கச்சேரி நிகழும். அதைக் கைப்பேசியில் பதிவோர் ஆயிரவர் இருப்பர். கோயிலும் வித்துவான்களும் உள்ளவரை அவ்விசைக்குக் குறைவில்லை. ஆனால் வெளியூரில் உள்ள நம் வீட்டு அலமாரியில், பெயர் எழுதாத ஒரு நாடாவில், இனி எந்தப் பந்தலிலும் கேட்க முடியாத ஒரு குரல் உறங்கிக்கொண்டிருக்கலாம். அதற்குப் பெயர் சொல்லத் தெரிந்தவர் நம்மிடையே இருக்கும்போதே, அதை எடுத்து ஓட்டுவோமாக.